ஆனந்தலோகத்தில் ஏறி, கும்மாளக்கரையில் இறங்கி

வள்ளியூரைத் தாண்டி, காற்றாலைக் காற்றாடிகள் கூட்டங்கூட்டமாக நிற்கத் தொடங்குகிற இடத்தில், நான்குவழிச் சாலைக்குக் கிழக்கே ஆனந்தலோகமும் மேற்கே கும்மாளக்கரையும் ஆக இரண்டு பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கிழக்கே உள்ளதைக் கட்டியவர் தங்கப்பழம் அண்ணாச்சி, மேற்கே உள்ளதைக் கட்டியவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, இரண்டு பேரும் அக்காளையும் தங்கையையும் கட்டிய சகலைகள், ஆகவே ஒருவர் ராட்டினம் வைத்தால் மற்றவர் அதைவிட ஒரு முழம் உயரமாக ராட்டினம் வைப்பதும், ஒருவர் வாசலில் யானை பொம்மையை நிறுத்தினால் மற்றவர் குட்டியோடு யானையை நிறுத்துவதும், அக்காளும் தங்கையும் மட்டும் தினமும் காலையில் போனில் என்ன குழம்பு என்று விசாரித்துக்கொள்வதும் பதினோரு வருஷமாக நடந்துவந்தது.

நான் ஆனந்தலோகத்தில் கருத்துப் புத்தக மேசையில் உட்கார்ந்திருப்பவள். கான்வென்டில் படித்தவள், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், பக்கத்தின் இடதுபுறம் சிவப்பு மையில் மார்ஜின் போடாமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்பதற்காகவே தங்கப்பழம் அண்ணாச்சி என்னை வேலைக்கு எடுத்து, ஜெசிந்தா என்ற என் பெயரை விட்டுவிட்டு டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கிளிட்டஸ் சாலைக்கு அந்தப் பக்கம், கும்மாளக்கரை அலைக்குளத்தில் விசில் ஊதுகிறவர். உவரிக் கடலில் பிறந்து புரண்டவருக்கு இடுப்பளவுத் தண்ணீரில் யாரையும் முங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம்.

மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அந்த லீவு நாளில் அண்ணாச்சி என்னை கும்மாளக்கரைக்கு விருந்தாளி மாதிரி அனுப்பி, எது நல்லா இருக்கிறது, எது சரியில்லை என்று பார்த்துவரச் சொல்வார். நோட்டின் இடதுபக்கம் ஆனந்தலோகம், வலதுபக்கம் கும்மாளக்கரை. இடதுபக்கம் கக்கூஸ் பளிச்சென்று இருக்கும், ஆனால் புளிசாதத்தில் எண்ணெய் மிதக்கும். வலதுபக்கம் புளிசாதம் அருமை, ஆனால் பெண்கள் கக்கூஸில் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இடதுபக்கம் வேலைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் வழி கேட்டால் தப்பான வழி சொல்வார்கள். வலதுபக்கம் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள், ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். இப்படி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை என்று அண்ணாச்சி சொல்வதற்குக் காரணம் கையெழுத்து இல்லை, பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இடிக்குப் பயம், குக்கருக்குப் பயம், லாரிக்குப் பின்னால் போகிற பைக்குக்குப் பயம், மகள் டெல்பினா பிறந்த பிறகு அவள் விக்கினால் பயம், விக்காமல் தூங்கினாலும் பயம். பயந்தவள் கண்ணுக்குத்தான் லூசான ஆணியும் வழுக்குகிற டைல்ஸும் தெரியும் என்பது அண்ணாச்சியின் எண்ணம். நான் வருவது இசக்கிமுத்து அண்ணாச்சிக்கும் தெரியும். "சகல அனுப்பின உளவு வந்திருக்கு, இஞ்சி டீ போட்டுக் குடுங்கல" என்பார். குடித்துவிட்டு, டீக்கும் மார்க் போடுவேன்.

டெல்பினாவுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஜெபம்கூட இல்லை. உவரி அந்தோணியார் திருவிழாக் கூட்டத்தில், வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில், திருநெல்வேலி ஜவுளிக்கடையில், எங்கே போனாலும் வாசலிலேயே அவளை நிறுத்திக் கேட்பேன்.

"தொலைஞ்சு போனா என்ன செய்யணும்?"

"நின்ன இடத்துலயே நிக்கணும்."

"ஒரு அடி?"

"ஒரு அடி நகரக் கூடாது."

"தெரியாதவங்க கூப்பிட்டா?"

"போகக் கூடாது. அம்மா வந்துருவா."

கோயிலில் ஞானோபதேச வகுப்புக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல மூச்சுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே நுழைவோம்.

அப்படியிருக்கும்போது சறுக்குக் குழாய் வந்தது. இரண்டு சகலைகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல், கோயம்புத்தூரில் ஒரே பட்டறையில், ஒரே அளவில், இருபத்துநாலு துண்டு நீல ஃபைபர் குழாய்க்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒரே குடும்பம், ஒரே ரோடு, ஒரே அளவு என்பதைப் பார்த்த பட்டறைக்காரர், ஒரே ஆர்டரை இரண்டு தடவை எழுதிவிட்டோம் போல என்று ஒன்றை அடித்துவிட்டார். லாரிக்காரரோ சீட்டில் இரண்டு விலாசம் இருப்பதைப் பார்த்து, மேல்பாதி பன்னிரண்டு துண்டைக் கிழக்கேயும் கீழ்ப்பாதி பன்னிரண்டு துண்டை மேற்கேயும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வேறு யாராவது என்றால் உடனே பட்டறைக்குப் போன் போட்டு மீதி எங்கே என்று கேட்டிருப்பார்கள். இவர்கள் கேட்கவில்லை. கேட்டு, சகலைக்கு முழுசாக வந்திருக்கிறது, தனக்குத்தான் பாதி என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்காருவது? இரண்டு பேரும் தகரத் தடுப்பைக் கட்டி, வந்த பாதியை மாட்டினார்கள். ஆனந்தலோகத்தில் தொண்ணூற்றொரு படியும், உச்சியில் வாயும், வளைந்து வளைந்து இறங்கி ஜெனரேட்டர் அறைச் சுவரில் முட்டி நிற்கிற குழாயும் இருந்தன. கும்மாளக்கரையில் ஆகாயத்தில் பலகை வைத்து அடைத்த ஒரு குழாயும், அது வந்து விழுகிற குளமும் இருந்தன. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, மறுநாள் முதல் பராமரிப்புப் பணி என்று போர்டு மாட்டிவிடலாம் என்பது இருவரின் திட்டமும்.

திறப்புவிழா நாளும் ஒன்றாகவே அமைந்தது, முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தவர் ஒருவரே என்பதால். ஆனந்தலோகத்தில் பஞ்சாயத்துத் தலைவி பேச்சிக்கனியம்மாள் ரிப்பனை வெட்டிவிட்டு, போட்டோவுக்காகக் குழாயின் வாயில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தவர், போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் பின்னால என்று சொன்னதைக் கேட்டு நகர்ந்ததில் வழுக்கி உள்ளே போய்விட்டார். ஜெனரேட்டர் அறைப் பக்கம் எல்லோரும் ஓடினோம். சத்தமே இல்லை. அதே நேரத்தில் கும்மாளக்கரையில் இசக்கிமுத்து அண்ணாச்சி தன் ரிப்பனில் கத்திரிக்கோலை வைக்க, குழாயிலிருந்து பேச்சிக்கனியம்மாள் குளத்தில் வந்து விழுந்தார். எழுந்தார், சேலையைப் பிழிந்தார், சுற்றிலும் பார்த்தார்.

"இங்கயும் நான்தான் சிறப்பு விருந்தினரா? சொல்லவே இல்லயே" என்றார், ஈரக் கையாலேயே அங்கே குத்துவிளக்கையும் ஏற்றிவைத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் கிழக்கே ஏறி மேற்கே இறங்கிவிட்டார்கள். ஒரு பொறியாளர் டேப்போடு வந்து, இரண்டு குழாய்க்கும் நடுவே இருநூற்று நாற்பது மீட்டரும் ஒரு நெடுஞ்சாலையும் இருப்பதாக அளந்து எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, தன் பிள்ளைகளை இரண்டு தடவை சறுக்கவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் செருப்பைப் பற்றித்தான். செருப்பு கிழக்கே கிடக்கும், கால் மேற்கே தார்ரோட்டில் பொரியும். கருத்துப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக செருப்பு, செருப்பு என்று எழுதினார்கள், நானும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மூன்றாம் வாரம் செருப்புக்கென்றே ஒரு ஆட்டோ சாலையின் குறுக்கே போய்வர ஆரம்பித்தது, போலீஸ்காரர் தடுப்பை இழுத்து அதற்கு வழிவிட்டார்.

குழாய்க்கு ஒரு குணம் இருந்தது, அதையும் ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. பயப்படாதவர்கள் எட்டு நொடியில் வந்து விழுவார்கள். பயந்தவர்களுக்குப் பயத்தின் அளவுக்கு நேரமாகும். கொஞ்சம் பயந்தவர்களுக்குக் கால்மணி நேரம். ரொம்பப் பயந்தவர்களுக்கு ஒரு பொழுது. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சாலமோன் சார் திங்கட்கிழமை காலையில் ஏறி, வியாழக்கிழமை மத்தியானம் இறங்கினார், மூன்று நாள் தாடியோடு, ஆனால் நல்லா தூங்கி எழுந்த முகத்தோடு. உள்ளே எப்படி இருந்தது சார் என்று கேட்டதற்கு, "நீலமா இருந்துச்சு" என்றார். அதற்குமேல் அவரிடமும் இல்லை, யாரிடமும் இல்லை. இறங்கியவர்கள் எல்லாரும் இளைப்பாறின மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இசக்கிமுத்து அண்ணாச்சி குளத்தின் ஓரத்தில் ஒரு காத்திருப்புக் கொட்டகை போட்டார். பாய், மின்விசிறி, சுக்குக்காபி. ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"யாருக்கு இருக்கிய?"

"எங்க வீட்டுக்காரருக்கு. நேத்து ஏறினாவ."

"பயந்த சுபாவமோ?"

"இல்லயே. வெளிய ரொம்ப தைரியமாத்தான் பேசுவாவ."

"அப்பம் இன்னிக்கு சாயங்காலமும் ஆவும். இந்தாங்க, முறுக்கு எடுங்க."

பெண் பார்க்கப் போகிற வீடுகளில் மாப்பிள்ளை குழாயில் எத்தனை நேரம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதினோரு நொடி என்று சொல்லி ஒரு வரன் நிச்சயமானது. நாற்பது நிமிஷம் என்று உண்மையைச் சொன்ன இன்னொரு பையனுக்கு, பொய் சொல்லத் தெரியாத பையன் என்று அதைவிட நல்ல இடம் அமைந்தது.

இதில் நல்லது ஒன்று நடந்தது. முன்பெல்லாம் ஆனந்தலோகத்துக்குப் போகிறவர்கள் ஆனந்தலோகக்காரர்கள், கும்மாளக்கரைக்குப் போகிறவர்கள் கும்மாளக்கரைக்காரர்கள்; இப்போது எல்லாரும் ஒரே பகலில் இரண்டையும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு, இங்கே அனுப்பிவைப்பது அழகு, அங்கே வரவேற்பது அழகு என்று எழுதினார்கள். உச்சியில் நின்று அனுப்பிவைக்கிற மாரிக்கனி என்ற பெண், ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, "கையைக் கட்டிக்கோங்க, கண்ணை மூடணும்னு இல்ல" என்று சொல்வதைப் பற்றியே ஒரு பெரியவர் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். கும்மாளக்கரையில் தரை வழுக்கினால் ஆனந்தலோகத்துக்குக் கெட்டபெயர், ஆனந்தலோகத்தில் வரிசையில் வெயில் அடித்தால் கும்மாளக்கரையில் வந்து விழுகிறவர் முகம் சுளிப்பார் என்றானதால், பேசிக்கொள்ளாத சகலைகள் இருவரும் என் நோட்டு வழியாகப் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. புளிசாதத்தில் எண்ணெய் குறைந்தது.

ஆனால் நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

"டீச்சரம்மா, பாப்கார்னுக்கு மார்க் போட்டுட்ட, குப்பைத்தொட்டிக்குப் போட்டுட்ட. குழாய்க்கு எங்க?" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி.

"நான் ஏறமாட்டேன் அண்ணாச்சி. நான் ஏறினா கிறிஸ்மஸுக்குத்தான் இறங்குவேன்."

"சரி, பாப்பாவ ஏத்திவிடு. அவ சொல்லுவா."

நான் பேச்சைப் புளிசாதத்துக்கு மாற்றினேன். ஏனென்றால் அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். குழாயின் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட ஒரு பலகை இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் மூக்கு வரைக்கும் உயரம் இருக்கிற பிள்ளைகளைத்தான் ஏற விடுவார்கள். டெல்பினா அதற்கு இரண்டு விரற்கடை குறைவாக இருந்த காலத்தில், நான் மாரிக்கனியைக் கெஞ்சி, அந்தப் பலகையைக் கழற்றி மூன்று விரற்கடை மேலே மாட்டவைத்தேன். அந்தக் கோடை முழுவதும், ஏற வேண்டிய உயரம் இருந்தும் ஏற முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பின, அவர்களின் அம்மாக்கள் என் மேசையில் வந்து புகார் எழுதினார்கள், நான் முகம் மாறாமல் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதினேன். கான்வென்டில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு இதைவிடச் சின்னதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்வதை எந்தப் பலகையாலும் நிறுத்த முடியவில்லை. அவளுடைய ஏழாவது பிறந்தநாளன்று டெல்பினா போய் நின்றாள், தலைமுடி ஒட்டகச்சிவிங்கியின் மூக்கைத் தொட்டது, மாரிக்கனி என்னைப் பார்த்தாள், நான் பலகையைப் பார்த்தேன்.

"அம்மா, கிளாஸ்ல நான் மட்டுந்தான் பாக்கி" என்றாள் டெல்பினா. "எஸ்தர்கூட போயிட்டா. அவ பல்லிக்கே அழுவா."

தொண்ணூற்றொரு படியும் அவளோடு ஏறினேன். கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றைப் போட்டேன், அவள் அப்பாவின் பழைய விசில் ஒன்றைச் சட்டையில் ஊக்கால் குத்தினேன், கையைக் கட்டிக்கோ, காலை நீட்டு, வாயை மூடு, தண்ணியைக் குடிக்காதே என்று சொன்னதையே சொன்னேன்.

"அக்கா, விடுங்க. பின்னால நாப்பது பேரு நிக்காவ" என்றாள் மாரிக்கனி.

கையை விட்டேன். டெல்பினா சிரித்துக்கொண்டே போனாள். போனை எடுத்து அந்தப் பக்கம் குளக்கரையில் நிற்கிற கிளிட்டஸைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டாளா?"

"இல்ல."

"இப்பம்?"

"ஜெசி, நீ போட்ட போனை நான் எடுக்கவே எட்டு செகண்ட் ஆவும்ட்டி. பொறு."

பொறுத்தேன். ஒரு நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. அவளுக்குப் பின்னால் ஏறிய நாற்பது பேரும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள், வழியில் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கிளிட்டஸ் கேட்டதற்கு, நீலமாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். அவள் வரவில்லை. நான் படியிறங்கி, சாலையைக் கடந்து, கொட்டகைக்கு வந்து, பத்து வருஷமாக மற்றவர்களுக்காகக் காத்திருந்தவள்போலப் பாயில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஆனது. மூன்று மணி ஆனது.

"கொஞ்சம் பயந்திருப்பா. வந்துருவா" என்றார் கிளிட்டஸ். அவர் வாயிலிருந்த விசில் மட்டும் லேசாக நடுங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அவ பயப்படமாட்டா. உங்களுக்குத் தெரியாதா? நான்தான் பயப்படுவேன்."

"அதான் சொல்லுதேன்" என்றார் முறுக்கு வைத்திருந்த அம்மாள். "அம்மாக்காரி பயத்தையும் பிள்ள சேத்துத் தூக்கிட்டுப் போயிருக்கும். பாரம்லா?"

செய்தி சாலையைத் தாண்டிப் போய், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கப்பழம் அண்ணாச்சி கும்மாளக்கரை வாசலில் வந்து நின்றார். குட்டியோடு நிற்கிற யானையை ஒரு நிமிஷம் பார்த்தார். இசக்கிமுத்து அண்ணாச்சி எழுந்துபோய், ஒரு நாற்காலியைத் தோளில் போட்டிருந்த துண்டால் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சகல."

"பிள்ள வரலன்னாவ."

"வந்துரும். காபி குடிங்க."

அவர் காபியை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு முன்னால் ஒரு தாய், காபி வாங்கப் போகிறவள், தன் மகனைத் தூணோடு நிறுத்திவிட்டு, "இங்கயே நில்லு, அம்மா வர்ற வரைக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை அசையவில்லை. ஈ உட்கார்ந்த மூக்கைக்கூடச் சொறியவில்லை.

நான் எழுந்தேன்.

"அவ பயந்துபோயி நிக்கல. நான் சொன்னேன்னு நிக்கா" என்றேன்.

கிளிட்டஸுக்கு உடனே விளங்கிவிட்டது. நீலமாக, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஓர் இடத்தில், பக்கத்தில் அம்மா இல்லாத ஓர் இடத்தில் என் மகள் என்ன செய்வாள்? நின்ன இடத்துலயே நிக்கணும், ஒரு அடி நகரக் கூடாது. நான் போகாமல் அவள் வரமாட்டாள். பத்து நாளானாலும் வரமாட்டாள். அவ்வளவு நல்ல பிள்ளை.

"ஜெசி, நீ உள்ள போனா எப்பம்ட்டி வருவ?"

"தெரியாது. சோறு வடிக்கும்போது கஞ்சியக் கொட்டிராதிய. அவளுக்கு அது பிடிக்கும், அவ முந்தி வந்துட்டா குடுங்க."

பின்னால் இசக்கிமுத்து அண்ணாச்சி, "ஏல, பெரிய பாயா ரெண்டு எடுத்துட்டு வாங்கல, கொசுவலையும் வேணும்" என்று சொல்வது கேட்டது. டீச்சரம்மாவுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கொட்டகையில் பேச்சு எழுந்தது. ஒருவர் கார்த்திகை என்றார், ஒருவர் பொங்கல் என்றார், சாலமோன் சார் அனுபவஸ்தர் என்ற முறையில், பயப்படத் தெரிந்தவர்களுக்கு உள்ளே ஒரு குறையும் இருக்காது என்று சொன்னார்.

தொண்ணூற்றொரு படி. மாரிக்கனி என் தோளைத் தொட்டாள். "கையைக் கட்டிக்கோங்கக்கா. கண்ணை மூடணும்னு இல்ல."

மூடவில்லை. நீலமாகத்தான் இருந்தது. முதல் இணைப்பு, இரண்டாவது இணைப்பு என்று ஒவ்வொன்றாக எண்ணினேன், ஒவ்வொன்றிலும் எத்தனை போல்ட் என்று பழக்கதோஷத்தில் பார்த்தேன், எல்லாவற்றிலும் எட்டு எட்டாக இருந்தது. வழியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் சாலமோன் சாரின் கண்ணாடிக்கூடும் சாவகாசமாக, எங்கும் போக அவசரமில்லாததுபோல, என்னோடு சறுக்கி வந்தன. ஒவ்வொரு தடவை நெஞ்சு திடுக்கென்னும்போதும் குழாய் ஒரு முழம் நீண்டதை உணர்ந்தேன். அது என்னைப் பயமுறுத்த நீளவில்லை. பயந்தவளைச் சட்டென்று தள்ளிவிடக் கூடாது என்று, கைக்குழந்தையைக் கீழே விடுகிறவர்கள் குனிந்து குனிந்து விடுவதுபோல நீண்டது. டீசல் வாடை வந்தது, சுவர் வர வேண்டிய இடம் அது. தலைக்கு மேலே லாரிகள் போகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது இணைப்பில், சப்பணமிட்டு, தண்ணீர் இரண்டாகப் பிரிந்து தன்னைச் சுற்றி ஓட, டெல்பினா உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப லேட்டும்மா" என்றாள்.

அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியாது, நின்றேன்.

"பயந்தியா மக்கா?"

"இல்லயே. நீதான் வருவேன்னு சொன்னேல்லா. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனாவ. ஒரு மாமா 'வாரியா பாப்பா'ன்னு கேட்டாரு. தெரியாதவங்க கூடப் போகக் கூடாதுல்லா, மாட்டேன்னுட்டேன்."

விசிலைக்கூட அவள் ஊதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஊதச் சொல்லி நான் சொல்லவில்லையே என்றாள்.

அப்போதுதான் காலடியில் பார்த்தேன். அந்த இணைப்பில் போல்ட்டே இல்லை. எட்டு இல்லை, ஒன்றுகூட இல்லை. கிழக்குக் குழாய் அங்கே முடிந்தது, மேற்குக் குழாய் ஒரு முழம் தள்ளித் தொடங்கியது, நடுவே தண்ணீர் மட்டும், யாரும் சொல்லாமலே, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் நான் பயந்த அத்தனை ஆணியும் அத்தனை குக்கரும் சேர்ந்தாலும் அந்த ஒரு முழத்துக்கு ஈடாகாது.

"இதுல போல்ட் இல்ல" என்றேன்.

"எல்லாரும் இது வழியாத்தாம்மா போனாவ" என்றாள் டெல்பினா, என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டாள். "கண்ணை மூடணும்னு இல்ல."

நாங்கள் குளத்தில் விழுந்தபோது பெரிய பாயை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார்கள். கொசுவலைக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். கிளிட்டஸ் விசிலை ஊதியபடியே சட்டையோடு தண்ணீரில் குதித்தார், இடுப்பளவுத் தண்ணீரில் அன்றுதான் அவர் முதல் தடவை முங்கினார். பத்தொன்பது நிமிஷம் என்று யாரோ சொன்னார்கள். "பத்தொம்பது நிமிஷமா?" என்று சாலமோன் சார் மூன்று தடவை கேட்டார், கொஞ்சம் வருத்தத்தோடு, நான் அவர் கண்ணாடிக்கூட்டைக் கொடுத்ததும் சமாதானமானார்.

தலையைத் துவட்டுவதற்கு முன்பே இரண்டு அண்ணாச்சிகளும் நோட்டை நீட்டினார்கள். மார்ஜின் போட ஸ்கேல் கேட்டு வாங்கி, சிவப்புக் கோடு இழுத்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன். அனுப்புவது: ஒன்பது. வரவேற்பது: ஒன்பது. காத்திருப்புக் கொட்டகை: பத்து, நான் யாருக்கும் பத்து போட்டதில்லை என்பதால் இசக்கிமுத்து அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குக் கீழே, ஒட்டகச்சிவிங்கிப் பலகை மூன்று விரற்கடை உயரமாக மாட்டப்பட்டிருக்கிறது, அதற்குக் காரணம் நான், உடனே இறக்கவும் என்று எழுதினேன். கடைசியில், பன்னிரண்டாவது இணைப்பில் போல்ட் இல்லை என்று எழுதினேன்.

இருவரும் அந்த வரியைச் சேர்ந்து வாசித்தார்கள்.

"உங்களுக்கு எத்தன துண்டு வந்துச்சு சகல?" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி, மெதுவாக.

"பன்னெண்டு. உங்களுக்கு?"

"பன்னெண்டு."

இருவரும் ஒரே நேரத்தில் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போல்ட் போட்டுருவமா?"

"எதோட எதைப் போட? நடுவுல ரோடுல்லா கெடக்கு."

"அதுவுஞ்சரிதான். காபி ஆறிட்டு, வேற சொல்லுங்க."

மறுநாள் பலகை இறங்கியது, கோடையில் அழுதுகொண்டு போன பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்து ஏறின, அவர்களில் பாதிப் பேர் இதற்குள் நான் உயர்த்தி மாட்டவைத்த பலகைக்கே எட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். என் பயம் அப்படியேதான் இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் இன்னும் அடுப்பங்கரைக்கு வெளியே போய் நின்றுதான் எண்ணுகிறேன். ஒன்றே ஒன்றுதான் மாறியது.

அடுத்த திருவிழாவுக்கு உவரி போனோம். அந்தோணியார் கோயிலிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரே தலையாகத் தெரிந்தது, பஜ்ஜிக் கடை, வளையல் கடை, பலூன், மொட்டை போட்ட பிள்ளைகள். டெல்பினா வழக்கம்போல நின்று, கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

"தொலைஞ்சு போனா, நின்ன இடத்துலயே..."

"இல்ல மக்கா" என்றேன். "தொலைஞ்சு போனா நீ பாட்டுக்கு வா. கூட்டம் எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் வா. முடியுற இடத்துல நான் நிப்பேன்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமா."

கையை விட்டேன். அவள் வளையல் கடைகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டே போனாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடைகளின் பின்பக்கமாக, அவளுக்கு முன்னால் கடற்கரைக்குப் போய் நிற்பதற்காக மணலில் ஓட ஆரம்பித்தேன்.